ஏழு மீன்களும் ஒரு மத்தியானத் தூக்கமும்

ரேலீன் ஜோரிக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. நாற்பது வருஷமாகப் பிடிக்காது. முன்னறை மூலையில் ராப்பகலாகக் குளுகுளுவென்று ஒரு கொப்பளிப்பு, அதற்குக் கீழே காற்று மோட்டாரின் ரீங்காரம். வோல்ஃப்ரம் தெருவில் அவர்கள் வீட்டுக்குப் போகிற யாருக்கும் முதல் ஐந்து நிமிஷம் அது காதில் விழும், அப்புறம் மறந்துபோகும். மறக்க முடியாமல் மாட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். ஒரு ஆள் ஓயாமல் வாய் கொப்பளித்துக்கொண்டே கூட குடித்தனம் பண்ணினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்பாள்.

விஷயம் இவ்வளவுதான். ஐந்தடி நீள மீன் தொட்டி. அதன் தரையில், ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குச் சரளைக்கல். தட்டின் இரண்டு மூலையிலிருந்து மேலே வரும் இரண்டு குழாய். மோட்டார் அந்தக் குழாய்களுக்குள் காற்றை விடும். காற்று மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறும். அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீரெல்லாம் சரளை வழியாகக் கீழே இறங்கி, தட்டுக்கு அடியில் புகுந்து, குழாய் வழியாகத் திரும்ப மேலே வரும். மீன் கழிக்கிற அசிங்கம் எல்லாம் சரளையில் தங்கிவிடும். அங்கே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று தண்ணீரைத் தண்ணீராக வைத்திருக்கும். அதுகளுக்கும் மூச்சு வேண்டும் என்பதால் மோட்டார் நிற்கக் கூடாது. மெர்வ் ஜோரி நன்றாக இருந்த காலத்தில், மீட்டர் பார்க்க வந்தவனைக்கூட விடாமல் நிறுத்தி வைத்து இதைக் கால் மணி நேரம் விளக்குவான். ரேலீனைக் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்.

"கக்கூஸ கொண்டாந்து கூடத்துல கட்டி, அதுக்கு மேல லைட்டு போட்டு வெச்சிருக்கான் எம் புருஷன்."

ரேலீன் ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் பிறந்தவள், அறுபத்திரண்டு வயதில் இன்னும் அங்கேயே இருக்கிறவள். அப்பா சுரங்கம், இரண்டு அண்ணன்களும் சுரங்கம். பள்ளிக்கூடம் முடித்ததும் ஆர்ஜென்ட் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். யூனிஃபார்ம் பகுதி. ஒரு பிள்ளை கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அதன் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள் என்று முதலாளி வாய் நிறையச் சொல்வார். இருபது வயதில் மெர்வைக் கட்டிக்கொண்டாள், அந்த வெள்ளிக்கிழமையோடு வேலை போயிற்று. கல்யாணமான பொம்பளை சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது அப்போது எங்கள் ஊரில் தொழிற்சங்கம் போட்ட கட்டுப்பாடு. கேக் வெட்டினார்கள், கைதட்டினார்கள், மேஜை விரிப்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். வேலை பார்க்க ஆசைப்பட்ட காலத்தில் பார்க்க விடவில்லை, படுத்தால் போதும் என்கிற காலத்தில் விடியுமுன் துடைப்பத்தோடு நிற்கிறேன், எல்லாம் என் தலையெழுத்து என்று இன்றைக்கும் வயிறெரிவாள்.

மெர்வ் கெட்டவன் இல்லை. பூமிக்கடியில் இருட்டில் பாறையைத் துளைக்கிற வேலை. மேலே வந்ததும் மற்றவர்கள் நேராக மதுக்கடைக்குப் போவார்கள், இவன் நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் உட்காருவான். மாதம் ஒரு தடவை மீன் வளர்ப்போர் சங்கம். பதினாலு ஆண்கள், ஒரு தேநீர்ப் பாத்திரம், பெண்டாட்டிகள் சுட்டு அனுப்பிய ஸ்கோன் ரொட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை நடுவர்கள் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளுக்கு மார்க் போடுவார்கள். வந்ததும் மீனைப் பார்க்க மாட்டார்கள். முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தைத் தரைவிரிப்பில் வைத்து, டார்ச் அடித்துத் தட்டுக்கு அடியில் எவ்வளவு கசடு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரிய மனுஷர்கள் மூன்று பேர் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் கிடப்பதைப் பார்த்துச் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை ரேலீன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் சங்கத்து ஆள் ஒருவன், முதல் பரிசு ஆசையில், முதல்நாள் சாயங்காலம் சரளையை மொத்தமாக வாரி வெளியே கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரில் அலசிப் பளபளவென்று திரும்பப் போட்டான். கிருமியெல்லாம் செத்தது. நடுவர்கள் வந்தபோது பளிங்கு மாதிரி சரளை, அதற்கு மேலே மல்லாந்த மீன். மெர்வ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ரேலீன் அவன் பங்கு ஆட்டுக்கறியையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எலுமிச்சை மரத்தடியில் வாளியோடு நின்றவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். அடிலெய்டுக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு மாதம் கழித்து வலது கையும் வலது காலும் விளங்காதவனாக, பேச்சு இல்லாதவனாகத் திரும்பி வந்தான். சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. 'ஆமா', 'இல்ல', பெண்டாட்டி பெயரில் பாதியான 'ரே'. மற்றதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடுங்க வேண்டும். 'எழவு' என்பது மட்டும் சுத்தமாக, எப்போது வேண்டுமானாலும், முழுசாக வரும். வசவு எல்லோருக்கும் கடைசியில்தான் போகும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். கோயிலுக்கு ஒழுங்காகப் போயிருந்தால் ஜெபம் மிஞ்சியிருக்குமோ என்று ரேலீன் கேட்டதற்கு அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் நாள் இப்படி. காலை நாலு மணிக்கு ஊரின் பெரிய கிளப் ஒன்றில் தரை துடைக்கிற வேலை. எட்டரைக்கு வீடு. மெர்வை எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டி, முன்னறை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். துணி, சமையல், மாத்திரை, டாக்டர். ஞாயிற்றுக்கிழமை தொட்டி. ரப்பர்க் குழாயைச் சரளைக்குள் குத்திக் குத்தி, மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும் கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும், அடுத்த வாரம் அடுத்த பங்கு. மெர்வ் நாற்காலியில் இருந்தபடி இடது கை விரலால் அங்கே, இங்கே, இன்னும் ஆழமாக என்று காட்டுவான். வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் எலுமிச்சை மரத்துக்கு ஊற்றுவது அவள். மகள் அடிலெய்டிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "அந்தத் தொட்டிய எடுத்து வெளிய போடும்மா" என்பாள். அப்பாவையும் சேர்த்து ஏதாவது விடுதியில் போடு என்பதற்கு அவள் அப்படித்தான் அடிபோடுவாள் என்று ரேலீனுக்குத் தெரியும்.

வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது அந்த 'ரே'. தண்ணீருக்கு ரே. கால் மரத்துப்போனால் ரே. டிவியில் கிரிக்கெட் மாறிப் போனால் ரே. ஒரு மீன் இன்னொரு மீனைத் துரத்தினால், அதை வந்து பார் என்பதற்கும் ரே. கூப்பிட்டால் உடம்பு தானாக எழுந்துவிடும், மனசு அதற்குப் பின்னால் திட்டிக்கொண்டே வரும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கண் எரியும், தலைக்குள் மணல் கொட்டிய மாதிரி இருக்கும். படுத்தால் அந்தக் குளுகுளு. அதைத் தாண்டித் தூக்கம் வருகிற நேரத்தில், ரே.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், நடையில் போகிறபோது சுவரில் இருந்த மோட்டார் ஸ்விட்சைத் தட்டி அணைத்தாள். யோசித்துச் செய்ததில்லை, கை செய்தது. வீடு அடங்கிற்று. போய்ப் படுத்தாள். நாற்பது நிமிஷம் செத்தவள் மாதிரி தூங்கினாள். அலறிப் புடைத்து எழுந்து போய் மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். மெர்வ் நாற்காலியில் தாடை நெஞ்சில் படத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியானாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் அவளுடைய திருட்டு. சீஸும் கேரட்டும் துருவிக் கலந்து ரொட்டிக்குள் வைத்து அவனுக்கு ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள், நாற்காலியைத் தொட்டியைப் பார்க்கத் திருப்புவாள், நடைக்கு வருவாள், டிக். முட்டை வேகவைக்கிற மணியை நாற்பது நிமிஷத்துக்குத் திருகித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். மெர்வின் சட்டம் அவளுக்கு மனப்பாடம். மோட்டார் நின்றால் ஒரு மணி நேரம் சரளை தாங்கும், அதற்கு மேல் மூச்சுத் திணறும். ரொம்ப நேரம் நின்றுவிட்டால் தட்டுக்கு அடியில் இருப்பதெல்லாம் அழுகி விஷமாகிவிடும். அப்போது அவசரப்பட்டு மோட்டாரைப் போட்டால் அந்த விஷத்தை நாமே இறைத்து மீன் தலையில் ஊற்றினதாக ஆகும். முதலில் பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியே எடு, புதுத் தண்ணீர் ஊற்று, அப்புறம் மோட்டார். கரண்ட் போகிற நாட்களில் அவன் வாளியோடு ஓடினதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

தொட்டியில் இருந்தது வானவில் மீன். விலை கொடுத்து வாங்கினதில்லை. மெனிண்டி என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டையில், கல்யாணமான புதிதில், மெர்வ் ரேலீனின் காலுறையைக் கம்பி வளையத்தில் கட்டி வலையாக்கிப் பிடித்து வந்தது. மற்ற ஆற்று மீனுக்கு இல்லாத ஒரு சிவப்புக் கரை அதன் துடுப்பில் உண்டு. அந்தக் குட்டை பிறகு வறண்டு மேடாகிவிட்டது. அதிலிருந்த மீன் உலகத்தில் வேறு எங்கும் இல்லை, இந்த வீட்டுத் தொட்டியில் தலைமுறை தலைமுறையாக மெர்வ் முட்டையெடுத்துப் பொரிக்க வைத்ததுதான் மிச்சம். சரிந்து விழுந்த பிறகு முட்டையெடுக்க அவனுக்குக் கை இல்லை, ரேலீனுக்கு நேரமில்லை. இருபதாக இருந்தது பதினொன்றாகி, இந்தக் கோடையில் ஏழாகி நின்றது. எல்லாமே கிழடு. இந்த ஒரு கோடைதான் முட்டை போடும், அதோடு சரி.

டிசம்பரில் டார்சி வந்தார். சங்கத்தில் மெர்வோடு இருந்தவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷர், எழுபது தாண்டியும் வாய் ஓயாதவர். மழிக்காத முகத்தோடு இருந்த மெர்வைப் பார்த்து, "டேய், ஒன்னவிட ஒந்தொட்டிப் பாசி அழகா இருக்குடா" என்றார். தன் வீட்டில் ஒரு தொட்டியைக் காலி பண்ணி வைத்திருப்பதாகவும், ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை வந்து இரண்டு ஜோடியைக் கொண்டுபோய் முட்டையிட வைத்துக் குஞ்சுகளைத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மெர்வ் காத்திருக்க ஆரம்பித்தான். அதுதான் ரேலீனை என்னமோ செய்தது. மூன்று வருஷமாக அவன் எதற்கும் காத்திருந்ததில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக்கூட இல்லை. இப்போது காலையில் கண் திறந்ததும் இடது கை விரலை நீட்டி நாள் எண்ணினான். "சனி. டார்சி" என்பான். முகம் மழிக்கத் தானாகத் தாடையைத் தூக்கிக் கொடுத்தான். மீன் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் இந்த ஏழும் சனிக்கிழமை வரைக்கும் இருந்தாக வேண்டும் என்று அவளும் எண்ணத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் வெயில் பிடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. கூரைக் கூலர் ஈரக்காற்றை ஊதினாலும் தகரத்துக்குக் கீழே வீடு வெந்தது. தொட்டித் தண்ணீரே கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கிளப்பில் இன்னொரு பெண் வராததால் ரேலீன் இரண்டு ஆள் வேலையைப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம் அவள் படுக்கப் போகுமுன் இருந்த நாற்பது நிமிஷத்தில் மெர்வ் பதினோரு தடவை கூப்பிட்டான். கடைசித் தடவை எதற்கு என்று பார்த்தால், மூக்கில் ஈ, விரட்ட இடது கை இருந்தும்.

அவள் ஈயை விரட்டவில்லை. அவன் எதிரே நின்று கத்தினாள்.

"ஒரு நாள், மெர்வ். ஒரே ஒரு நாள் என்னக் கூப்பிடாம இருந்து பாரேன். ஒன் வாயில மிஞ்சினது எம்பேரு மட்டும்தானா? அதுவும் போயிருக்கக் கூடாதா?"

சொல்லி முடிக்குமுன்பே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மெர்வ் அவளைப் பார்த்தான். ஈ அவன் மூக்கிலிருந்து நெற்றிக்குப் போயிற்று. அவள் ஈரத்துணி எடுத்து வந்து அவன் முகத்தைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கக்கூட அலுப்பாக இருந்தது.

மறுநாள் வியாழன். நாற்பத்து நாலு. ரொட்டி ஊட்டினாள், கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர் வைத்தாள், நாற்காலியைத் திருப்பினாள். ஒரு மணிக்கு டிக். மணியைத் திருகி வைத்ததும் நினைவிருக்கிறது, தலையணை சில்லென்று இருந்ததும் நினைவிருக்கிறது. மணி அடித்திருக்க வேண்டும். அதை அமுக்கியதும் அவள் கையாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். ஊரே ஒரு தடவை குலுங்கும், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. ரேலீன் கண் திறந்தாள். உடம்பு லேசாக இருந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தலைக்குள் மணல் இல்லை. ஜன்னல் திரையில் மஞ்சள் வெயில். ஆறே முக்கால் வெடி என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓடினாள். வேறொன்றும் தோன்றவில்லை. இத்தனை நாள் மறைத்தது வெளியே வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் தோன்றியது. நடையில் ஸ்விட்சைத் தட்டினாள். குளுகுளுவென்று ஆரம்பித்தது. அப்பாடா என்றிருந்தது.

"ரே!" முன்னறையிலிருந்து சத்தம். "இல்ல! இல்ல! ரே! எழவு! எழவு!"

"இதோ வரேன், ஒரு நிமிஷம் பொறு."

அவள் குளியலறைக்குப் போனாள். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முகம் கழுவினாள். ரே, இல்ல, ரே, இல்ல. சமையலறைக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். இவ்வளவு நேரம் சும்மா இருந்தவன், எழுந்த மறு நிமிஷமே ஆரம்பித்துவிட்டானே என்று எரிச்சல் வந்தது.

"யாரும் செத்துட மாட்டாங்க, இரு!" என்று கத்தினாள்.

அப்போதுதான் நாற்றம் அடித்தது. அழுகின முட்டை நாற்றம்.

அவள் முன்னறைக்கு வந்தபோது மெர்வ் நாற்காலியிலிருந்து பாதி நழுவித் தொங்கிக்கொண்டிருந்தான். இடது கை தொட்டியை நோக்கி நீண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் கஞ்சி வடித்த மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு குழாயும் கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தன. மீன்கள் பைத்தியம் பிடித்தது போலக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன, இரண்டு ஏற்கெனவே பக்கவாட்டில் மிதந்தன.

அவள் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தாள், வாளியைக் கொண்டு வந்தாள், குளோரின் முறிக்கிற மருந்தை அளவில்லாமல் ஊற்றினாள், வெறுங்கையால் மீன்களை அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். "இரு, இரு, இரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வாளியில் போட்ட ஐந்தில் நாலு பத்து நிமிஷத்துக்குள் போயிற்று. கடைசி மீன் ஒரு ஆண், சிவப்புக் கரை நல்ல அழுத்தமாக இருந்த மீன். எதிர்ச்சுவரில் வெயில் இருக்கிறவரை செவுளை ஆட்டிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் நின்றது.

அதற்கப்புறம்தான் அவள் மெர்வைத் தூக்கி நேராக உட்கார வைக்கப் போனாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது கால்சட்டை கைக்கு ஈரமாகப் பட்டது. ஈரம் புதிதில்லை, ஓரங்களில் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அவன் மூத்திரத்துக்குப் போக வேண்டுமென்றால் அவள்தான் வர வேண்டும். கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

ரேலீன் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஆறு மணி நேரம் இவன் இந்த நாற்காலியில் இருந்திருக்கிறான். தொட்டி நேரெதிரே. குமிழி நின்றதும் தெரிந்திருக்கும், மீன் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்ததும் தெரிந்திருக்கும். எந்த நிமிஷத்தில் எது நடக்கும் என்று இவனைவிட இந்த ஊரில் தெரிந்தவன் இல்லை.

"தூங்கிட்டியா மெர்வ்?" என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்று அவன் சொன்னால் போதும் என்றிருந்தது.

"இல்ல."

"மோட்டார் நின்னது தெரியுமா?"

மெர்வ் நடைப்பக்கம் விரலைக் காட்டினான். நாக்கை மேலே ஒட்டி, டிக், என்று சத்தம் செய்தான். வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் தேடினான்.

"தெனமும்," என்றான்.

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. நவம்பரிலிருந்து, ஒரு நாள் விடாமல், தாடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இவன் தூங்குகிற மாதிரி இருந்திருக்கிறான். சொல்லாமல் இருந்தது கிடக்கட்டும். இன்றைக்கு ஒரு மணி நேரம் தாண்டியதும் கூப்பிட்டிருக்கலாமே. இரண்டு மணி நேரம் ஆனபோது கூப்பிட்டிருக்கலாமே. மூக்கில் ஈ உட்கார்ந்ததற்குக் கூப்பிட்டவன்தானே. நேற்று நான் பேசின பேச்சுக்குப் பழிவாங்குகிறானோ என்றுகூட அவளுக்குத் தோன்றிற்று. தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நேத்து நான் சொன்னதுக்காகவா?"

"இல்ல." உடனே வந்தது அது. இடது கையை மூக்குக்குக் கொண்டுபோய், மூக்கை உறிஞ்சி, கர்ரென்று ஒரு சத்தம் எழுப்பினான். "கொறட்ட," என்றான். "நீ. நல்ல கொறட்ட." அவன் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, மற்றப் பக்கத்துக்குச் சிரிக்க வராது.

"சிரிக்காத மெர்வ். அத்தனையும் போச்சு. சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கு, டார்சி வந்து எதக் கொண்டு போவாரு? ஒன் மீனுடா. ஒன் கண்ணு முன்னால. ஒரு சத்தம் போட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே."

மெர்வ் தொட்டியைப் பார்த்தான். கலங்கல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண் நிறைந்து, துடைக்காமலே தாடை வரை வழிந்தது. பிறகு பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான்.

"வந்திருப்ப," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதான்," என்றான்.